எண்களை மட்டும் கொடுக்கும் பெட்டி

தொண்ணூறுகளின் இறுதியில் தமிழ்நாட்டுச் சிறுநகரத் தியேட்டர்களின் போஸ்டர்களில் படத்தின் பெயருக்கு இணையான அளவில் ‘டிடிஎஸ்’ என்று அச்சடிக்கத் தொடங்கினார்கள். அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு சிடி. 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு உலகத்துக்கு வந்த இந்த முறையில் ஒலி படச்சுருளில் இல்லை. சுருளின் ஓரத்தில், பழைய ஒலித்தடத்துக்குப் பக்கத்தில், இதற்கென்று இருந்ததெல்லாம் புள்ளியும் கோடுமாக ஒரு நேரக் குறியீடு மட்டும். ஒலி முழுவதும் சிடி-ராம் வட்டுகளில் தனியாக வந்தது. புரொஜெக்டரில் பொருத்திய சிறு கருவி நேரக் குறியீட்டைப் படித்து, ‘இத்தனையாவது ரீல், இத்தனையாவது இடம்’ என்று சொல்லும். வட்டைப் படிக்கும் பெட்டி அந்த இடத்துக்குரிய எண்களை எடுத்துக் கொடுக்கும். அந்த எண்களை ஒலியாக்குவது இன்னொரு சர்க்யூட்டின் வேலை.

இந்த ஏற்பாட்டின் அருமை பழைய பிரிண்ட் ஓடும்போதுதான் தெரியும். பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்து, அறுந்த இடத்தில் வெட்டி ஒட்டப்பட்டு கள்ளக்குறிச்சி, சின்னசேலம் போன்ற ஊர்களுக்கு வந்து சேரும் பிரிண்டில் நாலைந்து நொடிக் காட்சி காணாமல் போயிருக்கும். ஆனாலும் உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று ஆகாது. குறியீடு தாவினால் வட்டைப் படிப்பவனும் கூடவே தாவுவான். குறியீடே அழிந்துபோனால் சுருளில் இருக்கும் பழைய ஒலித்தடத்துக்கு மாறிக்கொள்வான்.

வீட்டு ஹை-ஃபை உலகில் ‘சிடி டிரான்ஸ்போர்ட்’ என்று விற்கப்படுவது ஏறக்குறைய இந்த வட்டுப் படிப்பாளிதான். சாதாரண சிடி பிளேயருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, வட்டிலிருந்து எண்களைப் படிப்பது. இரண்டு, அந்த எண்களை மின்னலையாக மாற்றுவது. டிரான்ஸ்போர்ட் முதல் வேலையோடு நின்றுகொள்கிறது. பின்னால் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் சிவப்பு-வெள்ளை ஜாக் கிடையாது; டிஜிட்டல் வெளியீடு மட்டும் உண்டு. எண்களை ஒலியாக்க ‘டாக்’ எனப்படும் தனிப் பெட்டி வேண்டும், அல்லது ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே அது இருக்க வேண்டும். இப்படித் தனியாகப் படிக்க மட்டும் ஒரு பெட்டி நமது ரூபாயில் சில ஆயிரத்திலிருந்து சில லட்சம் வரை விற்கிறது. அந்த விலை வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க, முதலில் அது செய்கிற வேலையின் கடினத்தைப் பார்க்க வேண்டும்.

வட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், தடிமன் 1.2. அதில் உள்ளிருந்து வெளியே சுருண்டு போகும் ஒரே தடம். பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி 1.6 மைக்ரான். 74 நிமிட வட்டில் அந்தத் தடத்தை நீட்டிவைத்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். பள்ளங்களின் ஆழம் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி. இந்த ஆழம் கணக்குப் போட்டு வைத்தது. 780 நானோமீட்டர் லேசர் ஒளி பாலிகார்பனேட்டுக்குள் நுழைந்ததும் அதன் அலைநீளம் ஏறத்தாழ 500 ஆகச் சுருங்கும். பள்ளத்தின் ஆழம் அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. பள்ளத்தின் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் மேட்டில் பட்டுத் திரும்பும் ஒளியும் கிட்டத்தட்ட அரை அலை விலகி, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் பள்ளம் இருட்டாகத் தெரியும்.

இனி இயந்திரத்தின் பாடு. வட்டு சரியான சமதளம் அல்ல. சுழலும்போது மேலும் கீழுமாக அரை மில்லிமீட்டர் வரை ஆடலாம் என்று தர வரையறையே அனுமதிக்கிறது. நடு ஓட்டை சற்றுத் தள்ளியிருந்தால் தடம் பக்கவாட்டில் பத்துக் கணக்கான மைக்ரான் அலைபாயும். அதாவது ஒரே சுற்றில் பல தடங்களின் அகலத்தைக் கடந்து ஆடும். இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவிலும் லென்ஸ் ஓரிரு மைக்ரான் துல்லியத்தில் குவியம் பிடித்திருக்க வேண்டும். லென்ஸைச் சுற்றியுள்ள சிறு கம்பிச் சுருள்கள் நொடிக்குப் பலநூறு முறை அதை மேலும் கீழும், இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வட்டு உள்பகுதியில் நிமிடத்துக்கு 500 சுற்று, வெளி ஓரத்துக்கு வரும்போது 200. மூடியைக் கழற்றிவிட்டு ஓடும் பிளேயரைப் பக்கவாட்டிலிருந்து கவனித்தவர்களுக்கு அந்த லென்ஸின் நடுக்கம் தெரியும். (மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டாம். அந்த லேசர் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அகச்சிவப்பு. தெரியவில்லை என்பதாலேயே ஆபத்து.)

இத்தனை செய்தும் படிப்பு பிழையில்லாமல் வராது. புத்தம்புது வட்டிலும் நொடிக்குப் பல பிழைகள் இருக்கும். 1980இல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து எழுதிய ‘ரெட் புக்’ தர வரையறை இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. அதன் உயிர்நாடி 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறை. வட்டில் ஒவ்வொரு 24 பைட் இசைக்கும் 8 பைட் சரிபார்ப்பு எண்கள் உண்டு. அதோடு விட்டிருந்தால் ஒரு கீறல் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போயிருக்கும். அதனால் இசை எண்களைக் கலைத்துப் போட்டார்கள்.

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் ஏறுகிறது என்று வையுங்கள். ஒரு குடும்பத்தின் 28 பேரையும் ஒரே பேருந்தில் ஏற்றினால், அந்த வண்டி கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டால் அந்தக் குடும்பமே மண்டபத்தில் இருக்காது. ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வண்டியில், அதுவும் நான்கு வண்டிக்கு ஒருவராக ஏற்றினால், ஒரு வண்டி நின்றாலும் எந்தக் குடும்பத்திலும் ஓர் ஆளுக்கு மேல் குறையாது. வந்தவர்களை வைத்து வராதவர் யார் என்று கணக்குப் போட்டுவிடலாம். எந்த வண்டிகள் நின்றன என்று தெரிந்தால் நான்கு பேர் வரை மீட்கலாம். நான்கு பேர், ஆளுக்கு நான்கு வண்டி இடைவெளி: ஆக, அடுத்தடுத்துப் பதினைந்து வண்டிகள் நின்றாலும் நட்டமில்லை. வட்டில் ‘ஒரு வண்டி’ என்பது சுமார் 0.17 மில்லிமீட்டர் தடம். பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் மறைந்தாலும் எண்கள் ஒன்றுவிடாமல் மீண்டுவிடும். புத்தகக் கணக்கு 2.4 மில்லிமீட்டர் என்கிறது.

அதற்கு மேல் போனால் பெட்டி ஊகிக்கத் தொடங்கும். விடுபட்ட எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றின் சராசரியை நிரப்பும். எட்டரை மில்லிமீட்டர் வரை இப்படி ஒப்பேற்ற முடியும். அதையும் தாண்டினால் ஒலியை ஒரு கணம் அடக்கிவிடும், இல்லையென்றால் ‘டிக்’ என்று தெறிக்கும்.

விளம்பரத் தாள்களில் எழுதாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. படிப்பு தவறினால் நடப்பது மேற்சொன்ன மூன்றில் ஒன்றுதான். பேஸ் மெலிவது, குரல் தட்டையாவது, வயலினில் கரகரப்பு ஏறுவது எல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. அவை நடக்க வேண்டுமானால் நொடிக்கு 44,100 முறை வரும் 16 பிட் எண்கள் ஒவ்வொன்றும் ஒரு திட்டத்தோடு, ஒரே மாதிரியாக மாற வேண்டும். தூசியும் கீறலும் அப்படித் திட்டம் போட்டு வேலை செய்வதில்லை. ‘இந்த டிரான்ஸ்போர்ட்டில் பேஸ் இறுக்கமாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் இரண்டு பெட்டிகளையும் ஒரே டாக்கில் செருகி, எது ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாமல் கேட்கச் சொல்லுங்கள். நட்பு கெட்டால் நான் பொறுப்பல்ல.

எண் சரியாக வந்தாலும் நேரம் சரியாக வராமல் போகலாமே என்று கேட்பது நியாயமான கேள்வி. டிரான்ஸ்போர்ட்டிலிருந்து டாக்குக்குப் போகும் கம்பியில் எண்ணும் கடிகாரத் துடிப்பும் ஒன்றாகப் பின்னப்பட்டுப் போகின்றன. நொடிக்கு 28 லட்சத்து 22 ஆயிரத்து 400 பிட். டாக் அந்த ஓட்டத்திலிருந்தே தாளத்தைப் பிரித்தெடுக்கிறது. துடிப்புகள் இம்மி முன்னும் பின்னுமாக வருவதற்கு ‘ஜிட்டர்’ என்று பெயர். 1992இல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்த இணைப்பு முறையிலேயே கோளாறு இருக்கிறதா என்று தலைப்பிலேயே கேட்டது. கம்பியின் அலைவரிசை குறுகினால், போகிற இசையே துடிப்பின் நேரத்தைக் கொஞ்சம் அசைக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். ஹை-ஃபை பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

காகிதக் கணக்கு கடுமையானதுதான். 20 கிலோஹெர்ட்ஸ் முழு ஒலியில் கடைசி பிட்டில் பாதி அளவுக்குக்கூடப் பிழை வரக்கூடாது என்றால் ஜிட்டர் 120 பிக்கோநொடிக்குள் இருக்க வேண்டும். காது அவ்வளவு கறாரானதல்ல. 1998இல் பெஞ்சமினும் கேனனும் செய்த சோதனையில், மிகச் சாதகமான தனிச் சுருதி ஒலியிலேயே பத்து நானோநொடி வரை போனால்தான் ஆட்கள் கண்டுபிடித்தார்கள்; இசையில் அதைவிட அதிகம் தேவைப்பட்டது. 2005இல் ஜப்பானில் ஆஷிஹாரா குழுவினர், தேர்ந்த காதுகளை உட்கார வைத்து இசையில் தற்செயல் ஜிட்டரைக் கலந்து பார்த்தபோது வரம்பு பல நூறு நானோநொடிக்குப் போனது. சுமாரான டிரான்ஸ்போர்ட்டின் ஜிட்டர் இவற்றுக்கெல்லாம் வெகு கீழே. போதாததற்கு இன்றைய டாக்குகளில் பல, வந்த எண்களைச் சற்றே சேமித்து வைத்து, தன் சொந்தக் கடிகாரத்தில் மறுபடி அடுக்கித்தான் வெளியே விடுகின்றன.

அப்படியானால் டிரான்ஸ்போர்ட்டை எப்படி மதிப்பிடுவது? அதன் உடல்நலத்தைச் சோதித்துத்தான். வேண்டாத சிடி ஒன்றை எடுத்து, படிக்கும் பக்கத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் மையத்திலிருந்து விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் கோடு போடுங்கள். தம்புரா சுருதியோ வீணைத் தனியோ உள்ள வட்டாக இருந்தால் நல்லது. தவில் முழக்கத்தில் எந்தக் குறையும் ஒளிந்துகொள்ளும். கோடு சுற்றுக்கு ஒருமுறை லென்ஸைக் கடக்கும், அதாவது நொடிக்கு மூன்றிலிருந்து எட்டு முறை. ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு வண்டிகள் தாம் நிற்கின்றன; நல்ல பெட்டி முணுமுணுப்பே இல்லாமல் கடந்துவிடும். பிறகு கோட்டை இரண்டாக, மூன்றாகத் தடிமனாக்குங்கள். எந்த அகலத்தில் ‘டிக் டிக்’ தொடங்குகிறது, எந்த அகலத்தில் தடம் தவறி அதே வரியைத் திரும்பப் பாடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் அந்தப் பெட்டியில் லென்ஸை வழிநடத்தும் சர்வோவைப் பற்றி எந்த விமர்சகரையும்விட உங்களுக்கு அதிகம் தெரியும். முடிந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்தால் மை போய்விடும். பியர் வெரானி என்ற பிரெஞ்சு நிறுவனம் இதே வேலைக்கென்று, அளவெடுத்த இடைவெளிகள் விட்ட சோதனை வட்டுகளை வெளியிட்டது. மார்க்கர் பேனா அதைவிட மலிவு.

இரண்டாவது சோதனை, எண் மாறாமல் வருகிறதா என்பது. டிஜிட்டல் உள்ளீடு உள்ள கணினியில் டிரான்ஸ்போர்ட்டின் வெளியீட்டைப் பதிவுசெய்து, அதே வட்டைக் கணினி டிரைவில் எடுத்த கோப்போடு கழித்துப் பார்த்தால் பூச்சியம் வர வேண்டும். இவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: டிடிஎஸ் 5.1 இசை சிடி. அதில் பதிந்திருப்பது இசை அலை அல்ல, சங்கேதம். ஒரு பிட் மாறாமல் போனால் ஏவி ரிசீவரில் டிடிஎஸ் விளக்கு எரிந்து ஐந்து பக்கமும் பாட்டு வரும். வழியில் யாராவது ஒலியளவையோ மாதிரி வேகத்தையோ தொட்டிருந்தால் வெறும் இரைச்சல்தான். வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இந்தச் சோதனையில் நம் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு பொருள் ஆச்சரியப்படுத்தும். 2000களில் ஊர் ஊராக விற்ற மலிவு டிவிடி பிளேயர்கள் பலவற்றின் முதுகில், ‘கோஆக்சியல்’ என்று எழுதிய ஆரஞ்சு நிற ஜாக் ஒன்று இருக்கும். அதில் 75 ஓம் வயர் ஒன்றைச் செருகினால் அதுவே சிடி டிரான்ஸ்போர்ட். ஒரே எச்சரிக்கை: சில மாடல்கள் மாதிரி வேகத்தை 44.1இலிருந்து 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றி அனுப்பும். டாக்கின் முகப்பில் எந்த எண் தெரிகிறது என்று பாருங்கள். இன்னொன்று, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சில பிளேயர்கள் அரை நொடி விழுங்கும். சினிமாப் பாட்டில் கவலை இல்லை. ராகம் தானம் பல்லவியை மூன்று தடமாகப் பிரித்துப் போட்டிருக்கும் கச்சேரி வட்டில், தானத்திலிருந்து பல்லவிக்கு இறங்கும் இடத்தில் அந்த அரை நொடி எரிச்சலூட்டும். தனி டிரான்ஸ்போர்ட் வாங்க இது நல்ல காரணம். இன்னொரு நல்ல காரணம் முன்னழுத்தம். எண்பதுகளின் ஆரம்ப வட்டுகள் சிலவற்றில் உயர் சுருதிகளை வேண்டுமென்றே தூக்கிப் பதிந்து, ‘கேட்கும்போது இறக்கிக்கொள்’ என்று ஒரு கொடியை எண்களோடு வைத்திருப்பார்கள். அந்தக் கொடியைப் பெட்டி ஒழுங்காகக் கடத்தாவிட்டால் பாட்டு காதைக் குத்தும். இங்கே மட்டும் ‘ஒலி வேறாக இருக்கிறது’ என்று சொல்பவரை நம்பலாம்.

கேம்பிரிட்ஜ் ஆடியோவின் சிஎக்ஸ்சி, ஆடியோலேபின் 6000சிடிடி போன்ற பெட்டிகளுக்கு இருக்கும் நியாயம் இதுதான்: சத்தமில்லாத மோட்டார், உறுதியான தட்டு, இடைவெளியில்லா ஓட்டம். முன்கூட்டியே படித்துச் சேமித்துக்கொள்ளும் பஃபர் இருப்பதால் கீறல் வட்டுகளையும் சமாளிக்கும் என்று ஆடியோலேப் சொல்கிறது. மார்க்கர் பேனாவை எடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். பத்துக் கிலோ அலுமினியச் சட்டமும் அதிர்வு தாங்கும் மேடையும் வேறு கணக்கு. புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பக்காரர்களிடம் சொல்லி யாளி தாங்கும் ஸ்டாண்ட் ஒன்று செய்து அதன்மேல் வைத்தாலும் பிட் ஒன்றும் மாறாது. பார்க்க மட்டும் அந்த மேடைகளைவிட நன்றாக இருக்கும்.

கல்வராயன் மலைப் பக்கம் வாழ்பவர்களுக்குச் சிடி இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. மலைக் கிராமங்கள் பலவற்றில் கைபேசி சிக்னல் கிடைப்பதே பாடு; ஸ்ட்ரீமிங் அங்கே பேச்சளவில்தான். ஆனால் மலையின் ஈரமும் கீழ்நாட்டின் வெயிலும் வட்டுக்கு ஆகாதவை. 2001இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், மத்திய அமெரிக்காவின் பெலீஸிலிருந்து வந்த ஒரு சிடியில் ஜியோட்ரிகம் இனப் பூஞ்சை விளிம்பு வழியாக உள்ளே புகுந்து, பிளாஸ்டிக்கையும் அலுமினியப் படலத்தையும் தின்று வழி போட்டிருப்பதைக் கண்டார்கள். இது அபூர்வம்தான். அன்றாட எதிரி, பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் ‘ரைட்’ பண்ணித் தந்த வட்டுகள். அவற்றில் பள்ளம் கிடையாது, சாயம்தான் இருக்கிறது. வெளிச்சமும் சூடும் பட்டால் சாயம் வெளுக்கும். அழித்தெழுதும் வட்டுகள் வந்த ஒளியில் கால்பங்குகூடத் திருப்பி அனுப்புவதில்லை. மூன்றாவது சோதனை இதனால்தான்: வீட்டில் இருப்பதிலேயே மோசமான ரைட் பண்ணிய வட்டைக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இளையராஜா வட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. படிக்கும் பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கவசம். அங்கே லேசர் கற்றை முக்கால் மில்லிமீட்டர் அகலத்தில் விரிந்திருப்பதால் சிறு தூசி பொருட்டில்லை. படம் அச்சிட்ட பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். அங்கே விழும் கீறல் நேரே படலத்தில் இறங்கும். துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே நீளும், அந்த 2.4 மில்லிமீட்டர் சலுகை ஒரே கையசைப்பில் தீர்ந்துவிடும்.

இடிமழைக் காலத்துக்கு இன்னொரு குறிப்பு. செம்புக் கம்பி இணைப்பு இரண்டு பெட்டிகளின் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடும். எர்த் சரியில்லாத வீட்டில் ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்கும். 1983இல் தோஷிபா கொண்டுவந்த ஒளியிழை இணைப்பில் மின்தொடர்பே இல்லை. அதில் ஜிட்டர் சற்று அதிகம் என்று குறை சொல்வார்கள். காதின் வரம்பு எங்கே இருக்கிறது என்று மேலே பார்த்தோம். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது தனி.

வாங்கப் போகிறவருக்கு விலைப் பட்டியலில் இல்லாத கேள்வி ஒன்று பாக்கி. லேசர் தலை சில ஆயிரம் மணி நேரத்தில் சோர்ந்துபோகும் உறுப்பு; டிரான்ஸ்போர்ட்டில் முதலில் சாவது அதுதான். மலிவு பிளேயர்கள் பலவற்றில் சோனியின் கேஎஸ்எஸ்-213 வகைத் தலை இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் எண்ணைச் சொன்னால் போதும், எடுத்துப் போடுவார்கள். விலையுயர்ந்த பெட்டிகள் சிலவற்றுக்குள் இருக்கும் பிலிப்ஸ் மெக்கானிசங்களின் உற்பத்தி நின்று வருடங்கள் ஆகின்றன. விற்பவரிடம் மூடியைத் திறக்கச் சொல்லி, தலையில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது இன்னும் கிடைக்கிறதா என்று மெக்கானிக்கிடம் போனில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.